சர்க்கரையை அளந்தோரும் நோயாளியை அறிந்தோரும்

நோய்களின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் மருந்துகளின் வரலாற்றையே எழுதி முடிக்கின்றனர். நீரிழிவு நோய்க்கும் அதுவே நேர்ந்தது. இன்சுலினைப் பிரித்தெடுத்தவர் யார், நோபல் பரிசு யாருக்குக் கிடைத்தது என்பன பள்ளிப் பிள்ளைகளுக்கும் தெரிந்த செய்திகள். நோயாளியின் கட்டிலருகே அமர்ந்து, ‘நேற்றிரவு என்ன உண்டீர்கள்? வீட்டில் ஊசி போட யார் இருக்கிறார்கள்? பாதத்தைக் காட்டுங்கள், பார்ப்போம்’ என்று கேட்டவர்களின் வரலாறோ எவரும் திருப்பிப் பாராத ஏடாகவே கிடக்கின்றது. அவர்கள் செவிலியர். அவ்வேட்டைச் சிறிது புரட்டிப் பார்ப்பதே நம் நோக்கம்.

இதனைக் கடலூர், சிதம்பரம் வட்டாரத்தில் நின்று பார்ப்பது பொருத்தமாகும். மஹ்மூது பந்தர் என்று முன்னோர் வழங்கிய பரங்கிப்பேட்டையும், லால்பேட்டையும், நெல்லிக்குப்பமும் நம்மவர் செறிந்து வாழும் ஊர்கள். இவற்றுள் நெல்லிக்குப்பத்திற்கு ஒரு வேடிக்கையான பெருமையுண்டு. பாரி நிறுவனத்தார் 1842இல் சர்க்கரை ஆலை நிறுவிய ஊர் அது. ஆலை இருப்பதால் நோய் வந்தது என்று யாரும் முடிச்சுப் போட வேண்டா. ‘சர்க்கரை நோய்’ என்னும் பெயரே மக்களை அப்படி எண்ண வைத்துவிட்டது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவில் நாடு முழுவதும் நடந்த பேராய்வின் முடிவு 2023இல் வெளிவந்தது. நம் நாட்டில் நீரிழிவு உடையோர் 10 கோடிக்கும் மேல் என்றது அவ்வாய்வு. தமிழ்நாட்டில் வயது வந்தோரில் நூற்றுக்கு 14 பேர். கடலூருக்கு அடுத்திருக்கும் புதுச்சேரியிலோ நூற்றுக்கு 26 பேர். வங்கக் கடலோரத்தில் இந்நோய் தொடாத தெரு இல்லை எனலாம்.

அளந்தவர்களின் கதையை விரைவாகச் சொல்லிவிடுவோம். சிறுநீரில் எறும்பு மொய்ப்பதைக் கண்டு ‘மதுமேகம்’ என்று பெயரிட்டனர் பண்டைய இந்திய வைத்தியர். கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் கப்பதோசியா நாட்டு அரிட்டேயஸ், உடலின் தசையெல்லாம் உருகிச் சிறுநீராய் ஓடுவதே இந்நோய் என எழுதினார். இப்னு ஸீனா (980–1037) தம் ‘அல்கானூன்’ என்னும் பெருநூலில் இதனைப் பற்றி எழுதியிருப்பது இன்றும் வியப்பளிக்கின்றது. அடங்காப் பசியையும், ஆண்மைக் குறைவையும், சிறுநீரில் தங்கும் இனிப்பையும், உறுப்பு அழுகிப் போவதையும் அவர் ஒரே நோயின் பல முகங்களாகக் கண்டார். அவர் சொன்ன மருந்துகளில் வெந்தயமும் ஒன்று. நம் வீட்டுப் பெரியவர்கள் இரவில் ஊற வைப்பதும் அதுவே. அவருக்குப் பின் வந்த அப்துல் லத்தீஃப் அல்பக்தாதி (1162–1231) இந்நோய்க்கென்றே தனியொரு சிறுநூல் இயற்றினார். ஐரோப்பாவில் தாமஸ் வில்லிஸ் 1674இல் சிறுநீரின் இனிப்பைச் சுவைத்து எழுதினார். மாத்யூ டாப்சன் 1776இல் அந்த இனிப்பு சர்க்கரையே என நிறுவினார். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெனடிக்ட் என்பார் ஒரு நீலக் கரைசலைத் தந்தார். அதில் எட்டுச் சொட்டுச் சிறுநீர் விட்டுக் காய்ச்சினால் பச்சை, மஞ்சள், செங்கல் சிவப்பு என நிறம் மாறும். நம்மூர் ஆசுபத்திரிகளில் அந்தக் கண்ணாடிக் குழாயைப் பிடித்து நின்ற தலைமுறை இன்னும் நம்மிடையே இருக்கின்றது. ஈரானியரான சாமுவேல் ரஹ்பர் 1960களின் இறுதியில் கண்டறிந்த உண்மையால், மூன்று மாத காலத்துச் சர்க்கரையின் சராசரியை ஒரே இரத்தப் பரிசோதனையில் அறியும் வழி பிறந்தது.

இவை யாவும் போற்றத்தக்க சாதனைகளே. ஆயினும் எண் எவ்வளவு துல்லியமானதாயினும், அது ஏன் அப்படி இருக்கிறது என்று சொல்லாது. ‘280’ என்று ஒரு சீட்டில் எழுதியிருக்கின்றது. அந்த அம்மையார் மாத்திரையை நிறுத்திவிட்டாரா? பேத்தியின் நிக்காஹ் விருந்தா? மகன் வளைகுடாவிலிருந்து பணம் அனுப்பாத மாதமா? காலில் சீழ் பிடித்து அவருக்கே தெரியாமல் இருக்கின்றதா? இக்கேள்விகளுக்கு விடை காண்பதையே ‘முழுமை மதிப்பீடு’ என்கின்றனர் செவிலியர். உடலை மட்டுமன்று, உண்ணும் உணவையும், உறங்கும் நேரத்தையும், உள்ளத்தின் அச்சத்தையும், வீட்டின் வருவாயையும், நம்பிக்கையையும் ஒருசேரக் கேட்டறிந்து எழுதி வைப்பது அது.

இந்தப் பணிக்கு நம் வரலாற்றில் ஒரு முன்னோடி உண்டு. ஹிஜ்ரி 5ஆம் ஆண்டு, கி.பி. 627இல், அகழ்ப்போரில் ஸஅத் இப்னு முஆத் (ரலி) அவர்கள் அம்பு பட்டுக் காயமுற்றபோது, அவர்களை ருஃபைதா (ரலி) என்னும் பெண்மணியின் கூடாரத்தில் வைக்குமாறு நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். மதீனாப் பள்ளிவாசலை ஒட்டியே அக்கூடாரம் இருந்தது. காயத்திற்கு மருந்திடுவதோடு, கவனிக்க ஆளில்லாதோரைத் தாமே முன்வந்து கவனிப்பதும் அப்பெண்மணியின் வழக்கம் என்று சீறா ஆசிரியர்கள் குறிக்கின்றனர். ‘கவனிக்க ஆளில்லாதோர்’ என்பதை அறிய வேண்டுமாயின், காயத்தைப் பார்ப்பதற்கு முன் ஆளைக் கேட்டிருக்க வேண்டுமன்றோ! கெய்ரோவில் 1284இல் மம்லூக் சுல்தான் கலாவூன் எழுப்பிய மருத்துவமனையில், குணமாகி வெளியேறும் ஏழைகளுக்குச் சிறிது பணம் கொடுத்தனுப்பினர் என்பர். உடல் தேறும் முன்பே அவர்கள் கூலிக்கு ஓடக் கூடாதென்பதே காரணம். வீட்டுக்குப் போன பின் நோயாளி என்ன செய்வான் என்று அன்றே எண்ணிப் பார்த்திருக்கின்றனர்.

பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார் 1859–60இல் வெளியிட்ட செவிலியப் பணி பற்றிய சிறுநூலில், நோயாளியை எப்படி உற்று நோக்குவது என்று ஓர் அதிகாரமே எழுதினார். ‘நன்றாகத் தூங்கினாரா?’ என்று கேட்காதீர்கள், ‘எத்தனை மணி நேரம், எந்தெந்த நேரத்தில் தூங்கினார்?’ என்று கேளுங்கள் என்பது அவர் கற்பித்த பாடத்தின் சாரம். இது சிறிய செய்தி போலத் தோன்றும், அன்று. ‘ஒழுங்காக மாத்திரை சாப்பிடுகிறீர்களா?’ என்று கேட்டால் நம் ஊரில் யாரும் இல்லை என்று சொல்லமாட்டார்கள். மரியாதைக்காகவேனும் தலையாட்டுவார்கள். ‘நேற்றுக் காலை மாத்திரையை எத்தனை மணிக்குச் சாப்பிட்டீர்கள், அதற்கு முன்னா பின்னா பசியாறினீர்கள்?’ என்று கேட்டால்தான் உண்மை வெளியே வரும்.

இன்சுலின் வந்ததும் செவிலியரின் பொறுப்பு பன்மடங்காயிற்று. டொராண்டோவில் 1922 ஜனவரி 11ஆம் நாள் லியனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு முதல் ஊசி போடப்பட்டது. அதே ஆண்டு ஆகஸ்ட் 7ஆம் நாள் பாஸ்டன் நகரில் மருத்துவர் ஜாஸ்லின் முதன்முதலாக இன்சுலின் அளித்த நோயாளி யார் தெரியுமா? எலிசபெத் மட்ஜ் என்னும் ஒரு செவிலியர்தாம். பட்டினி வைத்தியத்தால் உடல் மெலிந்து ஏறத்தாழ 32 கிலோ எடைக்கு இறங்கியிருந்த அவ்வம்மையார், சில வாரங்களில் எழுந்து நடமாடினார். ஜாஸ்லின் அன்றே ஓர் உண்மையைக் கண்டுகொண்டார். இந்நோயில் மருத்துவர் சில நிமிடம். நோயாளி வாழ்நாள் முழுவதும். இடைப்பட்ட வெளியை நிரப்ப வேண்டியவர் கற்பிக்கத் தெரிந்த செவிலியர். ஆகவே அவர்களைப் பயிற்றி நோயாளிகளின் வீடுகளுக்கே அனுப்பினார். இங்கிலாந்தில் லெஸ்டர் நகரின் மருத்துவர் ஜோன் வாக்கர் அம்மையாரும் 1950களில் இவ்வாறே வீடு தேடிச் செல்லும் செவிலியரை நீரிழிவுக்கென நியமித்தார்.

தமிழகத்தில் இம்மரபு வேரூன்றியது எவ்வாறு? சென்னை அரசு பொது மருத்துவமனையில் 1871இல் செவிலியர் பயிற்சி தொடங்கியது. வேலூரில் ஐடா ஸ்கடர் அம்மையாரின் மருத்துவமனையில் 1909இல் செவிலியர் பள்ளி எழுந்தது. 1946இல் அங்குப் பட்டப்படிப்பும் வந்தது. சென்னை ஸ்டான்லி மருத்துவமனையில் 1948இல் மருத்துவர் எம். விசுவநாதன் நீரிழிவுக்கெனத் தனிப் பிரிவு தொடங்கினார். தென்னார்க்காட்டு மக்களுக்கோ இவையெல்லாம் தொலைவு. புதுச்சேரி ஜிப்மர் மருத்துவமனையே அவர்களுக்குப் பெருந்துணையாக நெடுங்காலம் இருந்து வந்தது. அண்ணாமலைப் பல்கலைக்கழகம் 1929இல் சிதம்பரத்தில் தோன்றியதாயினும், ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி அதன் வளாகத்தில் அமைந்தது 1985இல்தான். அதனையொட்டி ராணி மெய்யம்மை செவிலியர் கல்லூரியும் வந்தது. இவை 2021இல் தமிழக அரசின் மக்கள் நல்வாழ்வுத் துறையின் கீழ் மாற்றப்பட்டு, கடலூர் மாவட்டத்தின் அரசு மருத்துவக் கல்லூரியாக இயங்கி வருகின்றன. பணம் கட்டிப் படித்த இடம் அரசு நிறுவனமாயிற்று என்பது பெற்றோர்க்கு மகிழ்ச்சி. நோயாளிகளுக்கோ சிதம்பரத்திலேயே பெரிய மருத்துவமனை என்பது அதனினும் பெரிய மகிழ்ச்சி.

செவிலியர் கல்லூரிகளின் மாணவியர் நோயாளி ஒருவரைத் தேர்ந்து, அவரைப் பற்றி ஏடு ஏடாக எழுதுவதை வார்டுகளில் உறவினர் பார்த்திருக்கக் கூடும். ‘இந்தப் பெண் ஏன் இத்தனை கேள்வி கேட்கிறாள்? நமக்கு எத்தனை பிள்ளை, வீடு ஓட்டு வீடா மாடி வீடா என்பதெல்லாம் இவளுக்கு எதற்கு?’ என்று சலித்துக் கொள்வோரும் உண்டு. அக்கேள்விகளுக்கு ஒரு வரலாறு இருக்கின்றது. முழுமை என்பது பகுதிகளின் கூட்டுத்தொகையினும் பெரிது என்னும் கருத்துக்கு 1926இல் தென்னாப்பிரிக்காவின் ஸ்மட்ஸ் ஒரு பெயர் சூட்டினார். (அடிமைப்பட்ட மக்களிடம் அவர் அந்த முழுமையைக் காணவில்லை என்பது வேறு கதை.) செவிலியரின் பணி கேட்டறிதலில் தொடங்கி, திட்டமிட்டு, செய்து, விளைவைப் பார்ப்பது என்னும் ஒழுங்கு 1960களில் அமெரிக்காவில் உருவாயிற்று. மார்ஜரி கார்டன் என்னும் பேராசிரியை, கேட்க வேண்டியவற்றைப் பதினொரு கூறுகளாக வகுத்து 1982இல் நூலாக்கினார். உணவு, கழிவு, உழைப்பு, உறக்கம் முதலியவற்றைக் கொண்ட அவ்வரிசை, புலனுணர்வு, தன்னைப் பற்றிய எண்ணம், குடும்ப உறவு, இல்லற வாழ்வு, மனச்சுமை என விரிந்து, பதினொன்றாவதாக ஒருவருடைய நம்பிக்கையில் வந்து முடிகின்றது. மேல்நாட்டுப் பேராசிரியை ஒருவர் நம்பிக்கைக்கும் ஒரு கட்டம் ஒதுக்கியிருக்கிறார். நம் ஊர் மருத்துவமனைகளிலோ பெரும்பாலும் வெற்றாய் விடப்படும் கட்டம் அதுவே. இந்தப் பதினொன்றில் இரண்டை மட்டும் நாம் விரித்துரைப்போம். பாதம் ஒன்று, நோன்பு மற்றொன்று.

பாதத்தின் கதை நம் தமிழ் மண்ணிலேயே நடந்தது. அது நீரிழிவில் தொடங்கவில்லை, தொழுநோயில் தொடங்கியது. கொல்லிமலையில் 1914இல் பிறந்த பால் பிராண்டு என்னும் அறுவை மருத்துவர் 1946இல் வேலூருக்கு வந்தார். செங்கற்பட்டுத் தொழுநோய் இல்லத்தில் விரலிழந்தோரையும் பாதமழிந்தோரையும் கண்டார். தொழுநோயால் சதை தானே அழுகி உதிர்கின்றது என்பதே அந்நாளைய முடிவு. பிராண்டுக்கு அது ஒப்பவில்லை. ஒரு நாள் துருப்பிடித்த பூட்டொன்றை அவரால் திறக்க முடியவில்லை. நோயுற்ற மெலிந்த சிறுவன் ஒருவன் சாவியைப் பற்றித் திருகி எளிதில் திறந்துவிட்டான். வியந்து பார்த்தபோது அவன் விரலில் எலும்பு தெரியுமளவு சதை கிழிந்திருந்தது. சிறுவனுக்கோ எதுவும் தெரியவில்லை! அழித்தது நோய்க் கிருமியன்று, வலியின்மையே என்று அவர் தெளிந்தார். கல் குத்தினாலும், நெருப்பு சுட்டாலும், செருப்பு கடித்தாலும் வலி சொல்லாதபோது, மனிதன் அதே புண்ணின் மீதே நடந்து கொண்டிருக்கிறான்.

இதற்கு விடையாக வேலூரிலும் கரிகிரியிலும் மென்மையான ரப்பரில் செருப்பு செய்தனர். எம்.சி.ஆர். செருப்பு என இன்று மருந்துக் கடைக்காரரும் சொல்லும் செருப்பு அதுவே. பிராண்டு 1966இல் அமெரிக்காவின் கார்வில் நகருக்குச் சென்றார். அங்கே நீரிழிவு நோயாளிகளின் பாதங்களைக் கண்டபோது செங்கற்பட்டுப் பாதங்களே நினைவுக்கு வந்தன. இங்கும் நரம்பு மரத்திருந்தது. இங்கும் புண் வலிக்கவில்லை. தொழுநோய்க்குக் கண்ட வழிகள் நீரிழிவுக்கும் பொருந்தின. கார்வில் ஆய்வாளர்கள் 1986இல் ஓர் எளிய சோதனையை வரையறுத்தனர். நைலான் இழையொன்றைப் பாதத்தில் வைத்து, அது வளையுமளவு அழுத்துவது. வளையும்போது அதன் அழுத்தம் 10 கிராம். கண்ணை மூடியிருக்கும் நோயாளி அதை உணராவிடில், அப்பாதத்திற்குக் காவல் இல்லை என்று பொருள். இன்று உலகெங்கும் செவிலியர் கையிலிருப்பது அவ்விழை. அதன் விலை சொற்பம். அது காப்பாற்றும் கால்களின் விலையை யார் மதிப்பிடுவது?

நம் குடும்பங்களுக்கு இதில் தனிக் கவனம் வேண்டும். பள்ளிவாசலில் செருப்பைக் கழற்றி வைத்து, வெயிலேறிய கல் தளத்தில் நடந்தே உள்ளே போகிறோம். ஹஜ்ஜுக்குச் சென்ற நீரிழிவு நோயாளிகள் கொதிக்கும் தரையில் வெறுங்காலுடன் நடந்து, பாதம் வெந்ததே தெரியாமல் திரும்பியதுண்டு. கடற்கரை ஊர்களில் மணலும் கிளிஞ்சலும் வேறு. ஆனால் நம்மிடம் ஒரு நற்பழக்கமும் இருக்கின்றது. நாளொன்றுக்கு ஐந்து முறை ஒளு செய்கையில் கால் விரல்களின் இடுக்கு வரை கோதிக் கழுவுகிறோம். வேறெந்த நோயாளி தம் பாதத்தை நாளைக்கு ஐந்து முறை தொட்டுப் பார்க்கிறார்? அவ்வேளையில் ஒரு கணம் கண்ணாலும் பார்த்தால் போதும். பார்வை மங்கியவராயின் வீட்டார் பார்க்கட்டும். கழுவிய பின் இடுக்கில் ஈரம் தங்காமல் துணியால் ஒற்றி எடுப்பதும் வேண்டும். ஈரம் தங்கினால் சேற்றுப்புண் வரும், அதன் வழியே பெரும்புண்ணும் வரும். ‘எத்தனை வேளை ஒளு செய்கிறீர்கள், பின்பு காலைத் துடைக்கிறீர்களா?’ என்று ஒரு செவிலியர் கேட்டால், அவர் நம் பாதத்தையும் நம் வாழ்க்கையையும் சேர்த்தே பார்க்கிறார் என்று கொள்ளலாம்.

எம்.சி.ஆர். செருப்பைப் பற்றி ஒரு சொல். அது தொழுநோயாளிகளுக்காகப் பிறந்த செருப்பு என்பதாலேயே, அதை அணிந்தால் ஊரார் தவறாக எண்ணுவர் என அஞ்சி, வாங்கிய செருப்பைப் பரணில் வைப்போர் இருக்கின்றனர். செருப்பு எழுதிக் கொடுப்பது மருத்துவரின் வேலை. அது ஏன் பரணில் கிடக்கிறது என்று கண்டுபிடிப்பது செவிலியரின் வேலை.

இனி நோன்பு. ரமளானில் நீரிழிவு நோயாளிகள் என்ன செய்கின்றனர் என்பதை இந்தியா உட்பட 13 நாடுகளில் 12,243 பேரிடம் 2001இல் கேட்டறிந்தனர். முடிவு 2004இல் வெளிவந்தது. முதுமையை ஒட்டி வரும் இரண்டாம் வகை நீரிழிவு உடையோரில் நூற்றுக்கு 79 பேர் பதினைந்து நாளேனும் நோன்பு நோற்றிருந்தனர். இளமையிலேயே இன்சுலினை நம்பி வாழும் முதல் வகையினரிலும் நூற்றுக்கு 43 பேர் நோற்றிருந்தனர். மருத்துவமனை செல்லுமளவு சர்க்கரை இறங்கிப் போகும் ஆபத்து, மற்ற மாதங்களை விட ரமளானில் முதல் வகையினர்க்கு ஏறத்தாழ ஐந்து மடங்கும், இரண்டாம் வகையினர்க்கு ஏழு மடங்குக்கு மேலும் இருந்தது.

இந்த எண்களுக்குப் பின்னால் நம் வீடுகளில் நடப்பது என்ன? பரங்கிப்பேட்டைத் தெருவொன்றில் வாழும் ஐம்பத்தெட்டு வயது உம்மா ஒருவரை எண்ணிக் கொள்வோம். கணவர் இல்லை, மகன் அயல்நாட்டில், மருமகளும் பேரப்பிள்ளைகளும் உடனிருக்கின்றனர். பன்னிரண்டு வயதிலிருந்து ஒரு நோன்பும் விட்டதில்லை. ‘நோன்பு வைக்கலாமா?’ என்று மருத்துவரிடம் கேட்டால் ‘கூடாது’ என்று சொல்லிவிடுவார் எனக் கேட்பதே இல்லை. மருத்துவரும் கேட்பதில்லை. காலை மாத்திரையை ஸஹருக்கு மாற்றிக் கொள்கிறார். மாலை நான்கு மணிக்குக் கை நடுங்குகிறது, வியர்க்கிறது. ‘நோன்புக் களைப்பு’ என்று படுத்து விடுகிறார். நோன்பு திறந்ததும் பேரீச்சம்பழம், சர்பத், கஞ்சி, வடை, சம்சா, கடற்பாசி. இரவு பத்து மணிக்குச் சர்க்கரை 350. மறுநாள் மீண்டும் அதே வட்டம். பெருநாள் கழிந்து பரிசோதனைக்குப் போனால், ‘ஏன் இப்படி ஏறிவிட்டது? வாயைக் கட்டவில்லையா?’ என்ற ஏச்சு. உம்மா தலை குனிந்து திரும்புகிறார். இங்கே பிழை யாருடையது? பழுதாகக் கிடந்தது பதினொன்றாவது கட்டம்.

தேர்ந்த செவிலியர் ஷஅபான் மாதத்திலேயே கேட்டுவிடுகிறார். ‘உம்மா, வரும் ரமளானில் நோன்பு நோற்க எண்ணமா? சென்ற ஆண்டு எத்தனை நோன்பு நோற்றீர்கள்? இடையில் மயக்கம் வந்ததா? ஸஹருக்கு எழுந்து சாப்பிடுவீர்களா, தண்ணீர் மட்டும் குடித்துப் படுத்துவிடுவீர்களா? தராவீஹுக்கு நடந்து போவீர்களா?’ இத்தனை கேட்ட பின்புதான், நோற்கலாமா கூடாதா, மருந்தை எந்த வேளைக்கு எந்த அளவில் மாற்றுவது என்று மருத்துவர் முடிவு செய்ய இயலும். முதல் வகை நீரிழிவு கட்டுக்குள் இல்லாதோர், அண்மையில் சர்க்கரை இறங்கி நினைவிழந்தோர், சிறுநீரகம் பழுதுற்றோர், இன்சுலின் போடும் கர்ப்பிணிகள் ஆகியோர் நோற்பது உயிருக்கு ஆபத்து என்பதில் மருத்துவ உலகம் ஒருமித்து நிற்கின்றது. நோயாளிக்குச் சலுகை உண்டு என்பது மறையே தந்த அனுமதி. அதைக் குறைவாக எண்ணத் தேவையில்லை. விரலில் ஊசி குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது என உலமாக்கள் தெளிவுறுத்தியுள்ளனர். ஆயினும் இது தெரியாமல் பகலில் பரிசோதிக்க அஞ்சுவோர் இன்றும் ஏராளம். 70க்குக் கீழ் இறங்கினாலும், 300க்கு மேல் ஏறினாலும் அப்போதே நோன்பை முடித்துக் கொள்ள வேண்டும் என்பது உலக வழிகாட்டி நெறி. மக்ரிபுக்கு இன்னும் அரை மணிதான் இருக்கிறதே என்று பொறுத்திருப்பது இதில் ஆகாது. இவ்விரண்டு எண்களையும் அடுக்களைச் சுவரில் எழுதி ஒட்டி வைக்கும்படி மருமகளிடம் சொல்லிச் செல்லும் செவிலியர், நூறு உரைகளில் நடவாததை நடத்திவிடுகிறார்.

கடலூர் மாவட்டத்தவர்க்கு இன்னொரு கேள்வியும் உண்டு. பிற ஊர்ப் பாடநூல்களில் அது இராது. ‘புயல் வந்தால் இன்சுலினை எங்கே வைப்பீர்கள்?’ 2004 டிசம்பர் 26இல் ஆழிப்பேரலை இம்மாவட்டத்தில் 600க்கும் மேற்பட்டோரை வாரிச் சென்றது. 2011 டிசம்பர் 30இல் ‘தானே’ புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரை கடந்தது. மின்கம்பங்கள் சாய்ந்து பல ஊர்கள் நாட்கணக்கில் இருளில் கிடந்தன. 2015இல் பெருவெள்ளம். குளிர்பெட்டி ஓடாத நாட்களில், பெரிய மண்சட்டியில் ஈரமணல் இட்டு, அதனுள் சிறு சட்டி வைத்து மருந்துக் குப்பியைக் காக்கலாம் என்பதைச் செவிலியர் சொல்லித் தருகின்றனர். மாத்திரைச் சீட்டை நெகிழிப் பையில் போட்டு, குடும்ப அட்டையுடன் வைத்துக் கொள்ளச் சொல்வதும் அப்படியே.

ஜாஸ்லினும் வாக்கர் அம்மையாரும் செவிலியரை வீட்டுக்கு அனுப்பிய வழக்கம், நம் மாநிலத்தில் பெரும் அளவில் வந்தது 2021 ஆகஸ்ட் 5இல். கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் அன்று ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கி வைக்கப்பட்டது. உள்ளூர்ப் பெண் தன்னார்வலர் சர்க்கரையும் இரத்த அழுத்தமும் பார்த்து, மாத்திரையை வீட்டிலேயே கொடுத்துச் செல்கிறார். படுத்த படுக்கையானோர்க்குச் செவிலியரும் உடற்பயிற்சி மருத்துவரும் வருகின்றனர். ஐக்கிய நாடுகள் அமைப்பின் பரிசும் 2024இல் இதற்குக் கிடைத்தது. மாத்திரை வாசலுக்கு வந்துவிட்டது. இது சிறிய செய்தியன்று. ஆனால் வாசலில் நின்றபடி மாத்திரையை வாங்கி, கதவைச் சாத்திக் கொள்ளும் வழக்கமும் நம் தெருக்களில் உண்டு. அப்பெண்ணை உள்ளே அழைத்து, ஒரு குவளைத் தண்ணீர் கொடுத்து, வீட்டு மூத்தவர் கட்டிலில் அமர்ந்து காலை நீட்டிக் காட்டட்டும். குதிகாலில் சென்ற வாரம் இல்லாத ஒரு கருமையை, பெரும்பாலும் அவர்தாம் முதலில் பார்ப்பார்.